புரொடக்‌ஷன் மேனேஜர் ஆவது எப்படி? தமிழ் சினிமாவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

டைரக்டர் ஆக வேண்டும், கேமராமேன் ஆக வேண்டும் என்று சென்னைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக வேண்டும் என்றே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. வேறு எதற்கோ வந்து இதில் நிலைத்தவர்கள்தான் அதிகம். அதனாலேயே இந்த வேலைக்கு முறையான பயிற்சி என்று ஒன்று இருக்க முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. காசு எண்ணிக் கொடுப்பது, சாப்பாடு சொல்வது, வண்டி அனுப்புவது என்று வெளியே தெரிகிற வேலைகளை வைத்தே இதை அளந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இது முதலில் படிக்கிற வேலை. ஒரு காட்சியைப் படித்ததும் அது எத்தனை நாளாகும், எவ்வளவு செலவாகும், யாருக்கு எந்த நேரத்தில் என்ன தேவைப்படும் என்று கண்ணில் தெரிய வேண்டும். அந்தப் பார்வை வந்துவிட்டால் சாப்பாடும் வண்டியும் தானாக ஒழுங்குக்கு வரும். அதை யாருடைய சிபாரிசும் இல்லாமல் வீட்டிலிருந்தே பழகத் தொடங்கலாம். அதனால் படிப்பு, சங்கம், சம்பளம் எல்லாவற்றையும் பின்னால் வைத்துவிட்டு, ஏணியை மட்டும் ஒரு பார்வை பார்த்த பிறகு அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கீழே புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட். அவருக்கு மேலே மேனேஜர். தளத்தில் அன்றாடம் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அதற்கு மேலே புரொடக்‌ஷன் எக்ஸிகியூட்டிவ், அதாவது டைட்டிலில் ‘தயாரிப்பு நிர்வாகம்’ என்று பெயர் வருகிறவர். முழுப் படத்தின் பட்ஜெட்டையும் கையில் வைத்து நடத்துகிறவர் லைன் புரொடியூசர் அல்லது எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர். சின்ன கம்பெனிகளில் இந்த மூன்று, நான்கு வேலைகளையும் ஒரே ஆள் பார்ப்பதும் உண்டு. கற்றுக்கொள்ள அப்படிப்பட்ட இடம்தான் நல்லது.

2. காட்சியைப் பிரிக்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பயிற்சிக்காக ஒரு காட்சியை நானே எழுதித் தருகிறேன்.

‘காட்சி 42. வெளி. இரவு. சின்ன ஊரின் பேருந்து நிலையம். மழை. கடைசிப் பேருந்து கிளம்புகிறது. செல்வி கைக்குழந்தையோடு ஓடி வருகிறாள். டீக்கடைக்காரர் விசில் அடித்து வண்டியை நிறுத்துகிறார்.’

சின்னக் காட்சிதான். திரையில் ஒரு நிமிடம்கூட வராது. இப்போது பிரித்துப் பார்ப்போம்.

நடிகர்கள்: செல்வி, டீக்கடைக்காரர், டிரைவர், கண்டக்டர். பேருந்துக்குள்ளும் நிலையத்திலும் இருக்க வேண்டிய ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் எத்தனை பேர் என்று டைரக்டரிடம் கேட்க வேண்டும். கேமரா வைக்கிற கோணத்தைப் பொறுத்து பதினைந்து பேரும் போதும், ஐம்பது பேரும் தேவைப்படலாம். பேருந்தைத் தனியாரிடம் வாடகைக்கு எடுத்து, வண்ணமும் பெயர்ப் பலகையும் மாற்றுவது ஆர்ட் டிபார்ட்மென்ட்டின் வேலை. அதற்கு அவர்களுக்கு நாள் கொடுக்க வேண்டும். உண்மையான நிலையம் என்றால் கடைசி வண்டி போன பிறகுதான் இடம் கிடைக்கும், விடியற்காலை முதல் வண்டிக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். இடையில் உள்ள நேரம்தான் உங்களுடையது.

அடுத்து மழை. தண்ணீர் லாரி, மோட்டார், ரெயின் எஃபெக்ட் ஆட்கள். லாரியின் தண்ணீர் சுத்தமானதா என்று பார்க்க வேண்டும், நடிகர்களின் வாயிலும் கண்ணிலும் விழப்போவது அது. செல்வியின் சேலை ஒவ்வொரு டேக்குக்கும் காய்ந்திருக்க வேண்டுமானால் ஒரே மாதிரி மூன்று, நான்கு வேண்டும். துண்டுகள், வெந்நீர், உடை மாற்ற இடம். தண்ணீரும் கேபிளும் ஒரே தரையில் கிடக்கப் போகின்றன, ஆகவே ஜெனரேட்டர் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் லைட் ஏறக் கூடாது. மோட்டார் சத்தத்தில் வசனம் பதிவாகாது. அந்த வரிகள் டப்பிங்குக்குப் போகும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குழந்தை. இரவு, செயற்கை மழை, கைக்குழந்தை என்ற மூன்றும் சேர்ந்தால் மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு டைரக்டரிடம் போக வேண்டும். ஓடி வருகிற ஷாட்டில் துணி சுற்றிய பொம்மை போதுமா? குழந்தையின் முகம் தெரிகிற ஒரே குளோஸ் ஷாட்டைக் கூரைக்கு அடியில், நனையாமல், மாலையிலேயே எடுத்துவிட முடியுமா? இப்படிக் கேட்கிற மேனேஜரை நல்ல டைரக்டர் தடையாக நினைக்க மாட்டார்.

கடைசியாகத் தொடர்ச்சி. காட்சி 43 பேருந்துக்குள் நடக்கிறது என்றால் அங்கே செல்வியின் தலை ஈரமாக இருக்க வேண்டும். அதை இருபது நாள் கழித்து வேறு ஊரில் எடுத்தாலும் ஈரம் ஈரம்தான்.

எல்லாம் எழுதிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சும்: மழை பெய்து ஓய்ந்த இரவாக இருந்தால் கதைக்குக் குறையுமா? தரை மட்டும் நனைந்திருந்தால் பாதி இரவு மிச்சம். டைரக்டர் ‘இல்லை, மழை வேண்டும்’ என்று சொன்னால் அதோடு சரி, அந்த மழையை நன்றாகப் பெய்ய வைப்பது உங்கள் வேலை. ஆனால் கேள்வி உங்களிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் போட்டு, பத்து காட்சிகளை இப்படிப் பிரித்து எழுதுங்கள். பிறகு நண்பர் ஒருவரின் குறும்படக் கதையை முழுதாகப் பிரியுங்கள். எக்ஸெல் போதும். மூவி மேஜிக் ஷெட்யூலிங், ஸ்டூடியோபைண்டர் போன்ற மென்பொருள்களைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம். ஓடிடி நிறுவனங்களுக்கும் வெளிநாட்டுக் குழுக்களுக்கும் வேலை செய்ய அவை உதவும்.

3. ஷெட்யூல் போடுவது

பிரித்த காட்சிகளை நாட்களாக அடுக்குவது அடுத்த படி. பழைய முறையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வண்ணப் பட்டை: பகல் உள்ளே வெள்ளை, பகல் வெளியே மஞ்சள், இரவு உள்ளே நீலம், இரவு வெளியே பச்சை. மென்பொருளிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. பலகையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எத்தனை இரவு, எத்தனை பகல் என்று தெரியும்.

அடுக்குவதற்கு நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது. முதலில் இடம், ஒரே இடத்தில் நடக்கிற காட்சிகள் எல்லாம் ஒன்றாக வர வேண்டும். அடுத்து காம்பினேஷன், அதாவது இரண்டு, மூன்று பெரிய நடிகர்கள் சேர்ந்து வருகிற காட்சிகள். அவர்களின் கால்ஷீட் ஒன்றாகக் கிடைக்கிற நாட்கள் சிலவே இருக்கும். மூன்றாவதாக இரவுகள். விடிய விடிய வேலை செய்தவர்களை மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் அவர்கள் வருவார்கள், ஆனால் வேலை நடக்காது, விபத்துதான் நடக்கும். இரவுகளை ஒன்றாக வைத்து, பகலுக்குத் திரும்பும்போது ஒரு நாள் ஓய்வு விடுங்கள்.

நம் ஊர் நாட்காட்டி தெரியாமல் ஷெட்யூல் போட முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலும் கடலோரத்திலும் வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை, குற்றாலம் பக்கம் தென்மேற்குப் பருவமழை. பள்ளிக்கூடக் காட்சி என்றால் மே மாத விடுமுறையில்தான் கட்டடம் கிடைக்கும், அப்போது அக்னி நட்சத்திர வெயில். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் அறை கிடைப்பதே கஷ்டம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யூனிட்டில் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். அந்தி வெளிச்சம் நம் பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வெளிச்சத்தில் மூன்று பக்கக் காட்சியை எழுதியிருந்தால் அது ஒரு நாளில் முடியாது, மூன்று, நான்கு மாலைகள் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது டைரக்டரும் கேமராமேனும் அழகைப் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: ஜெனரேட்டரைச் சத்தம் கேட்காத தூரத்தில் நிறுத்த இடம், லாரி திரும்ப வழி, பெண்களுக்குக் கழிப்பறை, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, செல்போன் சிக்னல், கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குப் போடுவார்கள். காரைக்குடி வீடுகளிலும் பொள்ளாச்சிக் கிராமங்களிலும் பல காலமாகப் படப்பிடிப்பு நடப்பதால் அங்கே எல்லாம் தெரிந்த உள்ளூர் ஆட்கள் உண்டு. அவர்களோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

4. பட்ஜெட்டும் கணக்கும்

பட்ஜெட் என்பது பிரித்த காட்சிகளுக்கு விலை எழுதுவது. சம்பளம், அவுட்டோர் யூனிட் (வாடகைக்கு வரும் கேமரா, லைட் போன்ற கருவிகள்), ஆர்ட், காஸ்ட்யூம், இடம், சாப்பாடு, தங்குமிடம், பேட்டா (தினப்படி), போக்குவரத்து, இசை, போஸ்ட் புரொடக்‌ஷன், இன்சூரன்ஸ் என்று தலைப்புகள் போகும். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் பத்து சதவீதம் ஒதுக்குவது நல்ல வழக்கம். பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். வெட்ட விடாதீர்கள்.

புதியவர்கள் இரண்டு செலவுகளை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, வட்டி. பைனான்ஸ் வாங்கி எடுக்கிற படத்தில் ரிலீஸ் தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு. இன்னொன்று, நேரம். ஒரு நாள் படப்பிடிப்புச் செலவு நான்கு லட்சம், வேலை பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் சும்மா நிற்பது முப்பத்து மூன்றாயிரம் ரூபாய். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வண்டியைக் குறைத்து, அதனால் மேக்கப் ஆள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அது மிச்சமே இல்லை.

வரி விஷயங்களை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், அடிப்படையாவது தெரிய வேண்டும். ஒப்பந்த வேலைக்குத் தனிநபர் என்றால் ஒரு சதவீதமும் கம்பெனி என்றால் இரண்டு சதவீதமும், தொழில்முறைச் சேவைக் கட்டணத்துக்குப் பத்து சதவீதமும் வரி பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிடித்த வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக அது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். பேட்டா பணத்தோடு அவுட்டோர் போகும் அசிஸ்டென்டிடம் வங்கியில் எடுத்த சீட்டும் கம்பெனிக் கடிதமும் இருக்க வேண்டும்.

வவுச்சரில் அன்றைக்கே கையெழுத்து, அன்றிரவே கணக்கு. நாளைக்கு என்று தள்ளினால் அது தள்ளிக்கொண்டே போகும்.

5. எங்கே படிப்பது

படிக்காமலும் வரலாம். ஆனால் படிப்பு சில வருடங்களை மிச்சப்படுத்தும். கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் தயாரிப்புக்கென்றே மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், நுழைவுத் தேர்வு உண்டு. இந்தத் துறைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு போன்ற கலைகளைக் கற்றுத் தருகிறார்கள். மேனேஜர் ஆக விரும்புகிறவர் அங்கே இயக்கம் படித்தாலும் வீண் போகாது, கூடப் படிக்கிறவர்களின் டிப்ளோமா படங்களுக்கெல்லாம் புரொடக்‌ஷன் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். லயோலா போன்ற கல்லூரிகளின் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பும் அப்படித்தான்.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். பி.காம். படித்துவிட்டு சினிமாவுக்கு வருகிறவர்களுக்கு இந்தத் துறையில் பெரிய பலம் இருக்கிறது. கணக்கு தெரிந்த ஒருவர் கதை படிக்கக் கற்றுக்கொள்வது, கதை தெரிந்த ஒருவர் கணக்குக் கற்றுக்கொள்வதைவிடச் சுலபமாக நடந்து பார்த்திருக்கிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறவர்களிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான கம்பெனி உங்களுக்குத்தான் பேட்டா கொடுக்கும்.

6. முதல் வேலை

நேராகப் பெரிய படத்துக்குப் போக ஆசைப்படாதீர்கள். விளம்பரப் படக் கம்பெனி ஒன்றில் சேருங்கள். சினிமாவில் ஒன்றரை வருடம் ஆகிற சுற்று, பட்ஜெட் முதல் பில் செட்டில்மென்ட் வரை, விளம்பரத்தில் சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரு வருடத்தில் பல முறை முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம். படப்பிடிப்புக்கு முன்னால் ஏஜென்சியையும் கிளையண்டையும் உட்காரவைத்து ஒவ்வொரு விஷயத்தையும் முடிவு செய்கிற கூட்டம் அங்கே கட்டாயம் நடக்கும். அந்தப் பழக்கம் சினிமாவுக்கு வரும்போது பெரிதும் உதவும்.

தளத்தில் ஒரு மரியாதை முறை உண்டு. லைட்மேனில் மூத்தவர் ‘அண்ணே’, ஸ்டண்டும் டான்ஸும் ‘மாஸ்டர்’, கேமராமேன் ‘சார்’. சமையல்காரரும் மாஸ்டர்தான். பெயர்களை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். புரொடக்‌ஷன் பாய்ஸ் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிறவர்கள். அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்கிற மேனேஜருக்கு அவசரத்தில் எல்லோரும் கை கொடுப்பார்கள். யூனிட் முழுவதற்கும் ஒரே சாப்பாடு தரமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமானவன்.

7. அனுமதிகள்

இடத்துக்கு இடம் அலுவலகம் மாறும். ரயில் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வே, மாமல்லபுரத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மத்திய அரசின் தொல்லியல் துறை, காடு என்றால் வனத்துறை, சென்னைப் பூங்காக்களுக்கு மாநகராட்சி, சாலை என்றால் காவல் துறை. நாள் அதிகம் ஆகிற அனுமதியை முதலில் தொடங்குங்கள்.

டிரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வான்வெளியைப் பிரித்திருக்கிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றி நினைத்தபடி பறக்கவிட முடியாது. மாடோ நாயோ குதிரையோ நடித்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி தேவை, அது இல்லாமல் சென்சாரில் சிக்கல் வரும். படம் முடிந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது, ஆகவே காட்சியைப் பிரிக்கும்போதே சிவப்பு மையில் எழுதுங்கள்.

குழந்தை நடிகர்களுக்கான விதிகள் தெளிவானவை. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். பெற்றோரே ‘பரவாயில்லை சார்’ என்று சொன்னாலும் இதை மீறக் கூடாது.

8. பாதுகாப்பு

2020 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் ஸ்டண்ட் ஒன்றில் அனுபவம் மிக்க ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். அந்தத் தளங்களில் இருந்தவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள்தான். கிரேனுக்குத் தகுதிச் சான்று, ஆபரேட்டருக்கு உரிமம், தரை தாங்குமா என்ற சோதனை, ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் மேனேஜரின் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ‘இன்றைக்கு இந்த ஷாட் வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தை வேலையில் சேரும்போதே தயாரிப்பாளரிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தில் எல்லோரும் காத்திருக்கும்போது அதைப் புதிதாகக் கேட்க முடியாது.

பெண்களின் பாதுகாப்பும் இதே பட்டியலில்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் குழு வேண்டும். படத் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. குழுவில் யார் இருக்கிறார்கள், யாரை அழைக்க வேண்டும் என்பதை முதல் நாள் கால்ஷீட் தாளிலேயே, அதாவது யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யூனிட்டுக்குக் கொடுக்கிற தாளிலேயே, அச்சடியுங்கள். இரவு பேக்கப் ஆன, அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிந்த பிறகு பெண்களுக்கு வீடு வரை வண்டி. இதில் பேரமே இல்லை.

9. பூசணிக்காய் உடைத்த பிறகு

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் பல மேனேஜர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொள்கிறவர் நின்று பார்க்க வேண்டும். எடிட்டிங், டப்பிங், கிராபிக்ஸ், டிஐ (படத்தின் நிறத்தைச் சீராக்குவது), மிக்ஸிங் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, ஒன்று தாமதமானால் எது நகரும் என்று தெரிந்து வைக்க வேண்டும். ஃபுட்டேஜ் மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். சென்சாரில் 2024 முதல் யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எந்த வகைக்குப் போகிறோம் என்பது தொலைக்காட்சி உரிமை விற்பனையையும் பாதிக்கக்கூடியது, ஆகவே தயாரிப்பாளரிடம் முன்பே பேசுங்கள். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் எச்சரிக்கை வாசகங்களும் சுகாதாரக் குறும்படங்களும் சேர்க்க வேண்டும்.

பாக்கி செட்டில்மென்ட்டை ரிலீஸுக்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். ரிலீஸுக்குப் பிறகு படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பாக்கி கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும். முழுவதும் கொடுக்க முடியாத நிலையில் எவ்வளவு, எப்போது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருந்துவிட்டால் அடுத்த படத்துக்கு அதே ஆட்கள் வர மாட்டார்கள்.

10. சங்கமும் மேலே போவதும்

தமிழ் சினிமாவில் தொழில்பிரிவுச் சங்கங்கள் பெப்சி என்கிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தின் கீழ் இருக்கின்றன. தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் சங்கம் உண்டு. கட்டணமும் தகுதியும் அவ்வப்போது மாறும் என்பதால் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். உறுப்பினர் ஆவதற்கு முன்பே சம்பள விகிதம், கால்ஷீட் நேரம், கூடுதல் நேரத்துக்கான கணக்கு ஆகியவற்றைப் பாடமாகப் படித்துவிடுங்கள். பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் தொடங்கும்.

மேனேஜராகச் சில படங்கள் முடித்ததும் லைன் புரொடியூசர் வேலைக்கு உங்களைத் தயார் செய்யலாம். மும்பை, ஹைதராபாத் கம்பெனிகள் தமிழ்நாட்டில் எடுக்க வரும்போது உள்ளூர் ஆள் தேவைப்படும். ஒவ்வொரு படத்திலிருந்தும் லொகேஷன் படங்கள், வாடகை, தொடர்பு எண், அங்கே வந்த பிரச்சினை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் நேராகப் பேசலாம். கோவாவில் திரைப்பட விழாவோடு நடக்கும் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்ற படச் சந்தைக்கு ஒரு முறை போய் வாருங்கள். தயாரிப்பாளர்கள் கதையை எப்படி விற்கிறார்கள், எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். பெரும்பாலும் அந்தக் கேள்வி ‘எத்தனை நாள், எவ்வளவு?’ என்பதாக இருக்கும். அதற்கு ஒரு தாளில் பதில் எழுதித் தரக்கூடியவராக நீங்கள் அங்கே போக வேண்டும்.